பழைய ஸ்கூபா கம்ப்ரசரை விற்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில், கடலில் மூழ்குகிறவர்களின் மூச்சுச் சிலிண்டரை நிரப்பும் ஸ்கூபா கம்ப்ரசர் மாதிரியான உயர் அழுத்தக் காற்று கம்ப்ரசர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வாரத்துக்கு ரெண்டு பேராவது வாட்ஸாப்பில் ஒரு போட்டோவை அனுப்பி, "இது என்ன மெஷின், எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறார்கள். டைவிங் சென்டரை மூடியவர், ஏலத்தில் எடுத்தவர், அப்பாவின் ஷெட்டைக் காலி செய்கிறவர் என்று ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் அதேதான். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த மெஷினிலிருந்து வரும் காற்றை யாரோ ஒருவர் 20 மீட்டர் ஆழத்தில் சுவாசிக்கப் போகிறார். அதனால் விலை பேசுவதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன மெஷின், அது எந்த நிலையில் இருக்கிறது, எப்படிப்பட்ட காற்றைத் தருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

1. "அப்பா வாங்கிப் போட்ட மெஷின் ஒன்னு ஷெட்டுல கிடக்கு. இது ஸ்கூபா கம்ப்ரசர்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

முதலில் பிரஷர் கேஜைப் பாருங்கள். ஸ்கூபா சிலிண்டர் நிரப்பும் மெஷினில் சிவப்புக் கோடு 200, 225, 300 அல்லது 330 பாரில் இருக்கும் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பி.எஸ்.ஐ. என்ற அமெரிக்க அழுத்தக் கணக்கில் 2900க்கு மேல். பஞ்சர் கடை கம்ப்ரசரின் கேஜ் 10, 15 பாரோடு முடிந்துவிடும். அதில் அடியில் பெரிய டேங்க் படுத்திருக்கும். ஸ்கூபா மெஷினில் அந்த டேங்க் கிடையாது. அதற்குப் பதிலாக, குத்துவிளக்குத் தண்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒரு ஃபில்டர் டவர் இருக்கும். அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு ஹோஸ் வரும். ஹோஸ் நுனியில் சிலிண்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் கிளாம்போ, திருகிப் பூட்டும் டின் (DIN) கனெக்டரோ இருக்கும்.

இன்னொரு அடையாளம், மெஷினின் பிஸ்டன் சிலிண்டர்கள். அவை ஒரே அளவில் இருக்காது. முதலாவது பெரியது, அடுத்தது சிறியது, கடைசி ஒன்று கட்டைவிரல் அளவு பிஸ்டன் ஓடுகிற அளவுக்குத்தான் இருக்கும். அவற்றுக்கு நடுவே செதில் வைத்த மெல்லிய குழாய்கள் சுற்றிச் சுற்றி ஓடும். இதைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

2. "எதுக்கு மூனு பிஸ்டன்? ஒன்னே அழுத்தினா ஆகாதா?"

ஆகாது. காற்றை அழுத்தினால் சூடாகும். ஒரே மூச்சில் 225 மடங்கு அழுத்தினால் வால்வும் ஆயிலும் வெந்துவிடும். அதனால் மூன்று ஸ்டேஜாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 மடங்கு ஏற்றுகிறார்கள். முதல் ஸ்டேஜில் 6 பார், இரண்டாவதில் 36 பார் அளவு, மூன்றாவதில் 200க்கு மேல். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நடுவில் அந்தச் செதில் குழாய்களில் காற்று ஆறிக்கொள்ளும். 300 பார் மெஷின்கள் சிலவற்றில் நாலு ஸ்டேஜ் இருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 11ஆம் கேள்வியில் தேவைப்படும்.

3. "கப்பல்ல இருந்து எடுத்ததுன்னு சொல்லி ஒருத்தர் வித்தாரு. பார்க்க ரொம்பக் கனமா இருக்கு. இதுவும் டைவிங் கம்ப்ரசரா?"

கவனமாகப் பாருங்கள். கப்பலில் பெரிய டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே தனிக் காற்று கம்ப்ரசர் உண்டு. அது 30 பாருக்குத்தான் போகும், பெரும்பாலும் இரண்டு ஸ்டேஜ். நல்ல கனமான மெஷின்தான், ஆனால் சிலிண்டர் நிரப்ப உதவாது, அதன் காற்று மூச்சுக்கும் ஆனதில்லை. இதை டைவிங் கம்ப்ரசர் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே கப்பலில், தீயணைப்பு மூச்சுக் கருவிகளின் சிலிண்டரை நிரப்பும் சின்ன மெஷினும் இருக்கலாம். பயிற்சியில் காலியாகும் சிலிண்டர்களை நிரப்பக் கப்பலிலேயே வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் போதிய உதிரி சிலிண்டர்கள் இருக்க வேண்டும் என்று சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதி 2014 ஜூலையிலிருந்து சொல்கிறது. குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் தளத்திலிருந்து அப்படிப்பட்ட மெஷின் உங்கள் கைக்கு வந்திருந்தால், அது ஸ்கூபாவுக்கும் ஆகும். அது 200 பாருக்கா, 300 பாருக்கா என்று மட்டும் பாருங்கள்.

4. "ஏர் ரைஃபிளுக்கு ஆன்லைன்ல விக்கிற சின்ன 300 பார் பம்பு இருக்கே, அதையும் ஸ்கூபாவுக்குன்னு விக்கலாமா?"

கூடாது. ஷூபாக்ஸ் அளவில் இருக்கும் அந்தப் பம்புகள் ரைஃபிளின் சின்ன சிலிண்டருக்காகச் செய்தவை. சுவாசக் காற்றுக்கான ஃபில்டர் அவற்றில் இல்லை, 12 லிட்டர் சிலிண்டரை நிரப்புகிற அளவுக்குத் தொடர்ந்து ஓடவும் அவற்றால் முடியாது. கேஜில் 300 என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து அதை ஸ்கூபா மெஷின் என்று எழுதாதீர்கள்.

5. "நேம் பிளேட்டுல எழுத்தே தெரியலை அண்ணே. உப்புக் காத்துல அரிச்சுப் போச்சு."

எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மிச்சமிருப்பதும் போய்விடும். பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கப் பிடித்து மேலே இழுங்கள். அச்சுக் குழியில் மாவு இறங்கும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தகட்டின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். போன மாதம் இப்படித்தான், வெறும் தகடு என்று நினைத்ததில் "225" என்ற எண்ணும் ஏழு இலக்க சீரியல் நம்பரும் எழுந்து வந்தன.

தகடு பெரும்பாலும் ரெண்டு இடத்தில் இருக்கும். சட்டத்தில் உள்ளது முழு யூனிட்டுக்கானது. கம்ப்ரசர் பிளாக்கிலேயே இன்னொரு எண் அச்சடித்திருக்கும். மோட்டாருக்குத் தனித் தகடு. மூன்றையும் போட்டோ எடுங்கள். சட்டமும் பிளாக்கும் வேறு வேறு வயதாக இருப்பது சகஜம், யாரோ ஒரு காலத்தில் பிளாக்கை மாற்றியிருப்பார்கள். ஸ்பேர் வாங்கும்போது பிளாக் எண்தான் கணக்கு.

6. "பிளேட்டுல இருக்கிற எழுத்தெல்லாம் என்ன சொல்லுது?"

நம்ம ஊரில் அதிகம் கண்ணில் படுவது ஜெர்மனியின் பாவரும் இத்தாலியின் கோல்ட்ரியும்தான். கோல்ட்ரியில் எம்.சி.எச்-6 என்றால் மணிக்கு 6 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 லிட்டர். எம்.சி.எச்-13 என்றால் நிமிடத்துக்கு 215 லிட்டர் அளவு, 16 என்றால் 265. பின்னால் ஈ.எம் என்று வந்தால் சிங்கிள் ஃபேஸ் மோட்டார், ஈ.டி (ET) என்றால் த்ரீ ஃபேஸ். பாவர் ஜூனியரில் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து பி (B) என்றால் பெட்ரோல், டபிள்யூ என்றால் சிங்கிள் ஃபேஸ், ஈ என்றால் த்ரீ ஃபேஸ். ஜூனியரும் நிமிடத்துக்கு 100 லிட்டர் மெஷின்தான், ரெண்டு பேர் தூக்கி வள்ளத்தில் வைத்துவிடலாம்.

அமெரிக்க மெஷினில் சி.எஃப்.எம் என்று இருக்கும், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று அர்த்தம். 1 சி.எஃப்.எம் என்றால் 28.3 லிட்டர், அதனால் 3.5 சி.எஃப்.எம் என்பது அதே 100 லிட்டர். அங்கிருந்து வந்த மெஷினில் மோட்டார் 60 ஹெர்ட்ஸா என்று கட்டாயம் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தகட்டில் 100 லிட்டர் என்று இருந்தாலும் கையில் வருவது 83தான். வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் சண்டை வராது.

7. "பத்து வருஷமா ஓடலை. ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்துட்டுச் சொல்லட்டுமா?"

வேண்டாம், தயவுசெய்து. நல்ல நிலையில் நின்ற மெஷினை அந்த ஒரு சுவிட்சில் கெடுத்தவர்கள் நிறையப் பேர். கடற்கரை ஊரில் சும்மா கிடந்த மெஷினில் சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

முதலில் ஆயில் டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தெளிவாக வந்தால் நல்லது. ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஷெட்டில் நான் திறந்தபோது, கெட்டிப் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது, தண்ணீரும் ஆயிலும் கடைந்துபோய். அந்த மெஷினின் பேரிங் அத்தனையும் போயிருந்தது. ஓட்டியிருந்தால் கிராங்க்கும் சேர்ந்து போயிருக்கும்.

ஆயில் சரியாக இருந்தால் புதிதாக ஊற்றி, காற்றிலிருந்து பிரியும் தண்ணீரை வெளியே விடும் கண்டன்சேட் டிரெயின் வால்வுகள் எல்லாவற்றையும் திறந்துவைத்து, பெல்ட் புல்லியைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால், வால்வுகள் திறந்தபடியே லோடு இல்லாமல் ரெண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். த்ரீ ஃபேஸ் மோட்டாராக இருந்தால் சுற்றும் திசையைப் புல்லி கவரில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். ஃபேஸ் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, பிளாக்குக்குப் போக வேண்டிய குளிர்காற்று போகாது.

8. "கடையில இருக்கிற இன்ஜின் ஆயிலையே ஊத்தலாமா?"

கூடாது. பைக், கார் ஆயிலில் போடும் சேர்மானங்கள் சூட்டில் கரியும் ஆவியுமாக மாறும், அந்த ஆவி காற்றோடு போகும். மூச்சுக்காற்று கம்ப்ரசருக்கென்று தயாரிப்பாளர் அங்கீகரித்த ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். மினரலா, சிந்தெடிக்கா என்று தெரியாமல் ஒன்றின் மேல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். இதற்கு முன் என்ன ஆயில் ஓடியது என்று தெரியவில்லை என்றால், வாங்குகிறவரிடம் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

9. "நல்லாத்தான் ஓடுது, 200 பாரும் காட்டுது. இது போதாதா?"

200 பாரைத் தொடுவது பெரிய விஷயமில்லை, எவ்வளவு நேரத்தில் தொடுகிறது என்பதில்தான் மெஷினின் உடம்பு தெரியும். ஒரு கடிகாரத்தையும் தேதி செல்லுபடியாகும் ஒரு சிலிண்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் இருக்கிறது, 200 வரை ஏற்றுகிறீர்கள் என்றால் உள்ளே போக வேண்டியது 12 × 150, அதாவது 1800 லிட்டர். 100 லிட்டர் மெஷின் இதை 18 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 25 நிமிடம் எடுத்தால் 72 லிட்டர்தான் வருகிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும், அந்தச் சூட்டில் கேஜ் கூடுதலாகக் காட்டும். 50 டிகிரிச் சூட்டில் 200 காட்டும் சிலிண்டர் 30 டிகிரிக்கு ஆறியதும் 188க்கு இறங்கிவிடும். அதனால் ஆறவிட்டுப் படித்த அளவைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தச் சோதனையை வாங்குகிறவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள், அவருக்கு இதைவிட நம்பிக்கை தருவது வேறெதுவும் இல்லை.

10. "எங்கேயோ லீக் ஆகுது. ஸ்பானர் போட்டு லேசா இறுக்கிடலாமா?"

பிரஷர் இருக்கும்போது எந்த நட்டையும் தொடாதீர்கள். 200 பாரில் பிடுங்கிக்கொண்டு வரும் ஃபிட்டிங் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, பக்கவாட்டில் நின்று, நுரை வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினை நிறுத்தி, காற்றை முழுதும் இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகு இறுக்குங்கள். ஹோஸ் உப்பியிருந்தாலோ மேல் உறை வெடித்திருந்தாலோ அதை விற்பனையில் சேர்க்கவே வேண்டாம், வெட்டிப் போட்டுவிடுங்கள்.

11. "ஓடிட்டிருக்கும்போதே நடுவில ஒரு வால்வு 'டப் டப்'னு காத்தை விடுது. சேஃப்டி வால்வை மாத்தினா சரியாயிடுமா?"

பெரும்பாலும் அந்த வால்வில் கோளாறு இருக்காது. 2ஆம் கேள்வியில் சொன்ன கணக்குக்கு வாருங்கள். இரண்டாம் ஸ்டேஜ் சேஃப்டி வால்வு அடித்தால், அங்கே இருக்க வேண்டிய 36 பாரைத் தாண்டிப் பிரஷர் ஏறுகிறது என்று பொருள். ஏன் ஏறுகிறது? மூன்றாம் ஸ்டேஜ் தனக்கு வந்த காற்றை எடுத்துக்கொள்ளாமல் பின்னால் தள்ளுகிறது. கடைசி ஸ்டேஜ் வால்வில் கரி படிந்திருக்கும், இல்லையென்றால் ரிங் போயிருக்கும். முதல் ஸ்டேஜ் வால்வு அடித்தால் கோளாறை இரண்டாம் ஸ்டேஜில் தேடுங்கள். எந்த வால்வு கத்துகிறதோ, நோய் அதற்கு அடுத்த வீட்டில் இருக்கும்.

சத்தம் நிற்கட்டும் என்று சேஃப்டி வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கி சீல் வைத்து விற்றதையும் பார்த்திருக்கிறேன். வாங்கினவர் குடும்பத்தோடு மெஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

12. "எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேக்குறாங்க. மீட்டரே இல்லையே?"

சின்ன மெஷின் பலவற்றில் மீட்டர் இருக்காது. இருந்தாலும், மாற்றிப் போட்டதா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் சுற்றிவளைத்துக் கணக்கிடுங்கள். டைவிங் சென்டராக இருந்தால் சிலிண்டர் நிரப்பிய நோட்டு இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து சிலிண்டர், ஒவ்வொன்றும் 18 நிமிடம் என்றால் 3 மணி நேரம். வருஷத்தில் 150 நாள் சீசன் என்றால் 450 மணி. ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் வாங்கிய பில்களும் உதவும்.

ஃபில்டர் டவருக்கு ஓடிய மணி நேரத்தோடு இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு முறை பிரஷர் ஏறி இறங்கும்போதும் அந்த உலோகம் விரிந்து சுருங்குகிறது. எத்தனை தடவைக்குப் பிறகு டவரை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் புத்தகத்தில் இருக்கும். மிகப் பழைய டவரை யோசிக்காமல் மாற்றிவிடச் சொல்வேன், வெடித்தால் அது வெடிகுண்டு.

13. "பெட்ரோல் இன்ஜின் மெஷினுக்கு விலை குறைச்சுக் கேக்குறாங்க. ஏன்?"

கார்பன் மோனாக்சைடு பயம்தான். இன்ஜின் புகை ஒரு அடி திசை மாறி கம்ப்ரசரின் இழுவைக் குழாயில் போனால் போதும், சிலிண்டருக்குள் விஷம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கடலுக்கடியில் நிலைமை இன்னும் மோசம். 30 மீட்டர் ஆழத்தில் சுற்றுப்புற அழுத்தம் 4 பார். சிலிண்டரில் 20 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இருந்தால், மேலே 80 பி.பி.எம்மைச் சுவாசிக்கிற பாதிப்பு அங்கே.

இழுவைக் குழாய் நீளமாக, உயரமாக, காற்று வரும் திசையில் வைக்கிற மாதிரி இருந்தால் மெஷினோடு சேர்த்துக் கொடுங்கள். உடைந்திருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள், செலவு அதிகமில்லை. மின்சார மோட்டார் மெஷின் என்றாலும் முழுசாக நிம்மதி கொள்ள முடியாது. ரொம்பச் சூடான கம்ப்ரசரில் ஆயிலே கருகி இந்த வாயு வரும்.

14. "காத்து சுத்தமா இருக்குன்னு எதை வச்சுச் சொல்றது? வாசனை பார்த்தா போதுமா?"

வாசனையும் வெள்ளைத்துணியும் முதல் படி மட்டும்தான். ஃபில்ஹோஸ் வால்வை ஒரு சின்ன இழை திறந்து, வெள்ளை டிஷ்யூ பேப்பரை அரை அடி தள்ளிப் பிடியுங்கள். மஞ்சள் பொட்டு விழுந்தால் ஆயில் தாண்டி வருகிறது. காற்றில் சமையல் எண்ணெய் காய்ந்த வாடை இருந்தாலும் அதே கதை.

உண்மையான பதில் டெஸ்ட் அறிக்கையில்தான். ஐரோப்பிய அளவுகோலான ஈ.என் 12021, 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி: கார்பன் மோனாக்சைடு 5 பி.பி.எம்முக்குள், கார்பன் டை ஆக்சைடு 500 பி.பி.எம்முக்குள், ஆயில் ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள், சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசரின் வாயில் ஈரப்பதம் 25 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் சொல்லும் கிரேடு ஈ கொஞ்சம் தளர்வு, அதில் மோனாக்சைடு 10, டை ஆக்சைடு 1000. வண்ணம் மாறும் கண்ணாடிக் குழாய் கிட் வைத்து மெஷின் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். பெரிய டைவிங் சென்டர்களிடமும் பாதுகாப்புக் கருவி விற்பவர்களிடமும் அது இருக்கும்.

15. "டெஸ்டுக்கு முன்னாடி புது ஃபில்டர் போட்டா எப்படியும் பாஸ்தானே?"

பாஸாகலாம். ஃபில்டருக்குள் இருக்கும் கரியும், ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் மணிகளும் புதிதாக இருந்தால் தேய்ந்த மெஷினின் ஆயிலையும் சில மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அறிக்கையில் ஃபில்டர் எப்போது மாற்றியது, அதற்குப் பிறகு எத்தனை மணி ஓடியது என்பதையும் எழுதச் சொல்கிறேன். விவரம் தெரிந்தவர் இன்னொன்றும் பார்ப்பார். கண்டன்சேட் டிரெயினில் வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைப்பார். கொஞ்சம் பால் நிறம் இருப்பது இயல்பு. மேலே தடித்த ஆயில் படலம் மிதந்தால் ரிங் போயிருக்கிறது.

நம்ம ஊர் வெயிலில் ஃபில்டர் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும், 30 டிகிரியில் 30 கிராம், 40 டிகிரியில் 51. ஐரோப்பாவில் எழுதிய புத்தகத்தில் உள்ள மணிக்கணக்கை மே மாதத் தூத்துக்குடிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபில்டரில் மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்றும் ஹாப்கலைட் ஈரம் பட்டால் வேலை செய்யாது என்பதால், ஈரம் தாண்டினால் அதையும் இழந்துவிடுவீர்கள்.

16. "பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு ஆக்கிட்டு வித்தா கூடுதலாக் கிடைக்குமா?"

செதில்களில் பெயின்ட் அடித்தால் சூடு வெளியேறாது, நேம் பிளேட்டும் மூடிக்கொள்ளும். விவரமானவர் புதுப் பெயின்ட்டைப் பார்த்தாலே எதை மறைக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். தூசியைக் காற்றடித்து, உப்பை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அது போதும்.

17. "ஓவர்ஹால் பண்ணி விக்கலாமா, அப்படியே விக்கலாமா? விலை எப்படிப் போடுறது?"

அதே அளவு புது மெஷினின் இன்றைய விலையை முதலில் விசாரியுங்கள். அதற்கு இன்னும் ஸ்பேர் கிடைக்கிறதா என்று பிளாக் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பேர் கிடைக்கும் இருபது வருஷ மெஷின், ஸ்பேர் நின்றுபோன பத்து வருஷ மெஷினைவிட மேல். பிறகு உடனே மாற்ற வேண்டியவற்றை எழுதிக் கூட்டுங்கள்: கடைசி ஸ்டேஜ் ரிங், வால்வு, ஹோஸ், ஃபில்டர், பெல்ட், கேஜ். அதைக் கழித்துவிட்டுத்தான் பேச்சு.

என் அனுபவத்தில், ஆயில், ஃபில்டர், பெல்ட் மாற்றி, 9ஆம் கேள்வியின் நேரச் சோதனையும் 14இன் அறிக்கையும் கையில் வைத்துக்கொண்டு விற்பதுதான் லாபம். பிளாக்கைப் பிரித்து முழு ஓவர்ஹால் செய்யும் செலவு பெரும்பாலும் விலையில் திரும்பி வராது. அதை வாங்குகிறவர் தன் மெக்கானிக்கை வைத்துச் செய்துகொள்ளட்டும். ஓடாத மெஷினை ஓடாத மெஷின் என்றே எழுதி, டம்ளரில் பிடித்த ஆயிலின் போட்டோவையும் சேர்த்துப் போடுங்கள்.

18. "கூடவே நாலு பழைய சிலிண்டரும் இருக்கு. சேர்த்துக் கொடுத்துடலாமா?"

தனித்தனியாகப் பாருங்கள். சிலிண்டரின் தோளில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) தேதி அச்சடித்திருக்கும். தேதி முடிந்ததை நிரப்பக் கூடாது, 9ஆம் கேள்வியின் சோதனைக்கும் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளின் கீழ் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்தவற்றை நிரப்பும் நிலையங்கள் ஏற்கத் தயங்கும். பழைய அலுமினிய சிலிண்டரில் 6351 என்ற கலவை எண் இருந்தால், கழுத்தில் விரிசல் விடும் வரலாறு அதற்கு உண்டு. அதை விற்காமல் ஓட்டை போட்டுக் கழித்துவிடுங்கள்.

டின் (DIN) வால்வில் 200 பாருக்கு 5 மரை, 300 பாருக்கு 7 மரை. 300 பார் மெஷினோடு 200 பார் சிலிண்டரைச் சேர்த்துக் கொடுத்தால் அதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டிவிடுங்கள்.

19. "சங்கு குளிக்கிற பையன் ஒருத்தன் கேக்குறான். ஹோஸை நேரா வாயில வச்சுக்கிட்டு இறங்கப் போறானாம். கொடுக்கலாமா?"

அப்படிப் பயன்படுத்தவென்றால் கொடுக்காதீர்கள். எங்கள் கடற்கரையில் சங்கு எடுக்கப் போகிறவர்கள் பலர் வள்ளத்தில் சாதாரண கம்ப்ரசரை வைத்து, நீளக் குழாய் வழியாக மூச்சு விடுகிறார்கள். நல்ல மெஷினாக இருந்தால் பாதுகாப்பு என்று அந்தத் தம்பி நினைப்பது புரிகிறது. ஆனால் இந்த மெஷின் சிலிண்டருக்குள் அடைக்கச் செய்தது, நேரே ஆளுக்குக் கொடுக்கச் செய்ததில்லை.

கணக்கும் ஒத்துவராது. வேலை செய்கிற ஒருவருக்கு மேலே நிமிடத்துக்கு 25 லிட்டர் வேண்டும் என்றால், 15 மீட்டரில், அதாவது 2.5 பாரில், 62 லிட்டர். ரெண்டு பேர் இறங்கினால் 100 லிட்டர் மெஷின் தோற்றுவிடும். இன்ஜின் நின்றால் குழாயில் மிச்சக் காற்று கிடையாது. அந்தத் தம்பியிடம் உட்கார்ந்து பேசுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து இந்த மெஷினை வாங்கி, கரையிலேயே சிலிண்டர் நிரப்பி, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரோடு இறங்கினால் அதைவிட நல்ல விற்பனை வேறில்லை. அப்படியானால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். ஆழத்திலிருந்து மெதுவாக ஏறும் பயிற்சியும் அவர்களுக்கு வேண்டும்.

20. "டெஸ்டுல ஃபெயில் ஆயிடுச்சு. இனி இரும்புக் கடைதானா?"

எதில் ஃபெயில் என்று பாருங்கள். ஈரத்தில் என்றால் ஃபில்டரும் டிரெயின் பழக்கமும்தான் காரணம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை டிரெயின் செய்து, கார்ட்ரிட்ஜ் மாற்றி மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். டை ஆக்சைடு கூடியிருந்தால் மூடிய அறையில் ஆட்கள் கூட்டமாக நின்று ஓட்டியிருப்பீர்கள், ஜன்னலுக்கு வெளியே இழுவைக் குழாயை விடுங்கள். மோனாக்சைடு என்றால் 13ஆம் கேள்வியில் சொன்ன ரெண்டு காரணங்களையும் தேடுங்கள். ஆயிலில் ஃபெயில் என்றால் ரிங் மாற்றாமல் தீராது.

அதற்கும் செலவு செய்ய மனமில்லை என்றால், ஏர் ரைஃபிள் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. அங்கே துப்பாக்கி சிலிண்டருக்கு உலர்ந்த உயர் அழுத்தக் காற்று வேண்டும், யாரும் அதைச் சுவாசிப்பதில்லை. பிளாக் நன்றாக இருந்தால் மெக்கானிக்குகள் ஸ்பேருக்கும் எடுப்பார்கள். எந்த வழியில் கொடுத்தாலும், யோக் கிளாம்பைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். "சுவாசிக்க உதவாது" என்று ஒரு தகட்டில் அச்சடித்து, ஸ்டிக்கராக ஒட்டாமல் ரிவெட் வைத்து அடித்துவிடுங்கள். இந்த மெஷின் இன்னும் ரெண்டு மூன்று கை மாறும், ஸ்டிக்கர் அதற்குள் உரிந்துவிடும்.